குளத்தூர் செம்மண்ணில் ஒரு கொல்லைத் தோட்டம்

கொல்லையில் நாலு காய்கறிச் செடி போட வேண்டும், கூட நின்று ஆரம்பித்துக் கொடு என்று குளத்தூர்ப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் நாம் விதைப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டுதான் கிளம்புவோம். விதையைக் கடைசியில் வாங்கலாம். முதல் நாள் கையில் இருக்க வேண்டியவை ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில், இரண்டு வாளித் தண்ணீர். இந்த வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் பாதியில் பட்டுப்போவதற்கு விதை காரணமாக இருப்பது அரிது. வேர் ஓடும் அந்த ஓரடி ஆழத்தில் தண்ணீரும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் தொடங்குவதுதான் காரணம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்குப் பகுதி குளத்தூர் வட்டம். கீரனூர் அதன் தலைமையிடம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் பயணம் செய்தவர்களுக்கு இந்த நிலம் பழக்கம்தான்: நார்த்தாமலையின் மொட்டைப் பாறைகள், இடையிடையே கண்மாய்கள், மற்றபடி கண்ணுக்கெட்டிய வரை செம்மண்ணும் சரளையும். மாவட்டத்தின் கிழக்கே ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் செம்புறாங்கல் மிகுதி. குளத்தூர்ப் பக்கம் இருப்பது கருங்கல் பாறை பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து உருவான செம்மண். காவிரிப் பாசனம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் பெய்யும் மழைதான் கண்மாயையும் கிணற்றையும் நிரப்ப வேண்டும். அதிலும் ஏறத்தாழப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். தோட்டத்தின் ஒவ்வொரு முடிவும் மண், மழை என்ற இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே வர வேண்டும்.

நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீரை நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். பிறகு இரண்டாவது முறை நிரப்பி, மட்டம் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். முதல் முறை இறங்குவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காய்ந்த மண் எதுவானாலும் உறிஞ்சத்தான் செய்யும். இரண்டாம் முறையும் சில நிமிடங்களில் தண்ணீர் காணாமல் போனால் அடியில் வெறும் சரளை. ஊற்றுகிற தண்ணீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். மறுநாள் காலையிலும் தேங்கியே நின்றால் அடியில் இறுகிய தட்டு இருக்கிறது. வீடு கட்டும்போது லாரியும் செங்கல் அடுக்கும் மிதித்த கொல்லைகளில் இது சகஜம். அங்கே வேருக்கு மூச்சு முட்டும். இலையைப் போலவே வேரும் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தில் பாதிக்குத் தண்ணீரும் பாதிக்குக் காற்றும் இருக்க வேண்டும். மணிக்கு ஓரிரு அங்குலம் வீதம் இறங்குகிற மண் இந்தக் கணக்குக்கு ஒத்துவரும்.

அடுத்தது பாட்டில். குழியிலிருந்து எடுத்த மண்ணில் கல்லைப் பொறுக்கிவிட்டு, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டுத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். வண்டல் துகள் படியச் சில மணி நேரம் ஆகும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாகவே நிற்கும். துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் இயற்பியல். மறுநாள் அடுக்குகளை அளந்து பார்த்தால் நண்பருடைய கொல்லை மணல்சாரியா களிசாரியா என்று தெரிந்துவிடும். இந்தப் பகுதியின் கொல்லைகளில் பெரும்பாலும் மணல் அடுக்குதான் தடிமனாக இருக்கும்.

செம்மண் ஏன் சிவப்பு? பாறையில் இருக்கும் இரும்பு, மழையிலும் வெயிலிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹேமடைட் என்ற ஆக்சைடாக மாறி மண்துகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பாறையில் இருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் முதலியவை கரைந்து மழையோடு போய்விட, கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. பார்க்க அழகாக இருக்கும் இந்த இரும்புப் பூச்சு செடிக்கு ஒரு சிக்கலையும் தருகிறது. செடி வேர் விடவும் பூக்கவும் தேவையான மணிச்சத்தை இது இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். மண் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால் இரும்பும் அலுமினியமும் பிடிக்கும். காரப் பக்கம் சாய்ந்திருந்தால் சுண்ணாம்பு பிடிக்கும். உரக்கடையில் டிஏபி வாங்கிவந்து கைநிறைய இறைத்தாலும் அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பருவத்துச் செடிக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

பிடித்துவைத்திருக்கும் சத்தை விடுவிக்க ஒரு வழி இருக்கிறது. தொழு உரமும் இலைதழையும் மக்கும்போது உருவாகும் கரிம அமிலங்கள், மணிச்சத்து ஒட்டிக்கொள்ளும் அதே இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இடம் பறிபோன மணிச்சத்து மண்ணின் ஈரத்தில் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சைகளும் உதவுகின்றன. வேர்த்தூவி நுழைய முடியாத நுண்ணிய இடுக்குகளில் அவற்றின் இழைகள் புகுந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே இங்கே தொழு உரம் போடுவதில் இரட்டைப் பயன்: அது தரும் சத்து ஒரு பங்கு, அது மண்ணிடமிருந்து மீட்டுத் தரும் சத்து இன்னொரு பங்கு. மணல்சாரி மண்ணில் ஈரத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அந்த மக்குதான்.

செம்மண்ணுக்கு இன்னொரு நல்ல மருந்து பக்கத்திலேயே கிடைக்கிறது. கண்மாய் வண்டல். மேட்டு நிலத்திலிருந்து மழை அரித்துக்கொண்டு வந்த களியும் மக்கும்தான் கண்மாயின் அடியில் படிந்து கிடக்கின்றன. களித்துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. நேர்மின்னேற்றமுள்ள பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளை ஓடவிடாமல் தாங்கி நிற்கும். மணலுக்கு அந்தத் திறன் கிடையாது. கோடையில் கண்மாய் வற்றியதும் விவசாயிகள் வண்டல் எடுக்க அரசு இலவசமாக அனுமதி தருகிறது. கொல்லைத் தோட்டத்துக்கு டிராக்டர் கணக்கில் வேண்டாம். வயலுக்கு வண்டல் அடிக்கும் ஊர்க்காரர் யாரிடமாவது சொல்லிவைத்தால் இருபது முப்பது பாண்டு கொட்டிவிட்டுப் போவார். அதைச் செம்மண்ணோடும் மக்கிய எருவோடும் கொத்திக் கலக்க வேண்டும். களியை மேலே அடுக்காகப் பரப்பிவிட்டால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்.

இதெல்லாம் ஏட்டுப் பாடம் என்று நினைப்பவர்கள் கீரனூருக்கு அருகே ஒடுகம்பட்டியில் இருக்கும் கொழுஞ்சிப் பண்ணையை நினைத்துப் பார்க்கலாம். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஈடுபட்டு உருவாக்கிய பண்ணை அது. 1960களில் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோதே, மானாவாரி விவசாயிக்கு விலை கொடுத்து வாங்கும் இடுபொருள்கள் கட்டுப்படியாகாது என்று கண்டவர் அவர். 2013 டிசம்பர் 30 அன்று மறையும்வரை அதையே ஊர் ஊராகச் சொல்லி வந்தார். பண்ணைக்குப் பெயர் தந்த கொழுஞ்சி, இந்தப் பகுதித் தரிசுகளில் தானாக முளைக்கும் சிறு செடி. ஆடுமாடுகள் அதை விரும்பித் தின்பதில்லை. வறட்சியில் அது காய்வதுமில்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் அதன் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியாக்கள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. நண்பரின் கொல்லை ஓரத்தில் கொழுஞ்சி நின்றால் களையென்று பிடுங்கி எறிய வேண்டாம். பூக்கும் சமயத்தில் அறுத்துப் பாத்தியில் மிதித்துவிட்டால் அதுவே தழையுரம்.

எருவைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணத்தை நேராகச் செடிக்குப் போடக் கூடாது. மக்காத கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சூட்டைக் கிளப்பும், அம்மோனியா வெளிவரும், இளம் வேர் கருகும். வைக்கோல், சருகு போன்றவற்றை மட்டும் புதைத்தால் வேறு கோளாறு: அவற்றில் கரி மிகுதி, நைட்ரஜன் குறைவு, மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளடிக்கும். செம்மண்ணில் கரையானும் சேர்ந்துகொள்ளும். கரி 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் குப்பை வேகமாக மக்கும். காய்ந்த சருகோடு சமையலறைக் கழிவையும் சாணத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஏறக்குறைய இந்த விகிதம் வந்துவிடும். ஆட்டுக்கிடை போடும் ஊரில் ஆட்டுப் புழுக்கை கிடைப்பது பெரிய வசதி. மாட்டு எருவைவிட அதில் சத்து அதிகம்.

இனி தண்ணீர்க் கணக்கு. தோட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இடம் தீர்மானிக்கக் கூடாது, தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். சித்திரை வைகாசி வெயிலில் மண்ணிலிருந்து ஆவியாவதும் இலைகள் வழியே போவதுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் செலவாகும். அதாவது சதுர மீட்டருக்கு 5, 6 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி பாத்திக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 லிட்டர் வேண்டும், பிளாஸ்டிக் குடத்தில் நாலு குடம். ஒரு சென்ட் முழுக்கப் போட்டால் 200 லிட்டருக்கு மேல் போகும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீட்டுக் குழாயில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அதில் பாதி, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் போய்க் கொல்லைக்கு வருவதாக வைத்தால் 110 லிட்டர். அந்தத் தண்ணீர் கடுங்கோடையில் 20 சதுர மீட்டரைத் தாங்கும், அதாவது அரை சென்ட்டை. ஆழ்துளைக் கிணறு இல்லாத நண்பருக்கு அரை சென்ட்டுக்கு மேல் ஓர் அடிகூடச் சிபாரிசு செய்யாதீர்கள். முதல் ஆண்டு அதிலும் பாதி போதும். பெரிதாகத் தொடங்கிப் பங்குனியில் கைவிட்ட தோட்டத்தைவிட, ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் சின்னத் தோட்டம் வீட்டுக்கு அதிகக் காய் தரும்.

கழிவுநீரைப் பயன்படுத்துவதிலும் தரம் பிரிக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எதற்கும் ஊற்றலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரில் சோடியம் மிகுதி. சோடியம் சேரச் சேரக் களித்துகள்கள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்து மண்துளைகளை அடைத்துக்கொள்ளும், மண் இறுகும். அந்தத் தண்ணீரை வாய்க்கால் பிடித்து வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். கீரைக்கு அது கூடவே கூடாது. கூரை மழையையும் மறக்க வேண்டாம். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை ஒரு முறை பெய்தால் ஏறத்தாழ 1,800 லிட்டர் இறங்கும். அதை ஒரு தொட்டியில் பிடித்தால் இரண்டு மழைக்கு நடுவே வரும் வறட்சியைக் கடக்கலாம்.

தண்ணீர் குறைவான கொல்லைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பானைப் பாசனம். மெருகு பூசாத சாதாரண மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும். சுற்றிலும் நாலைந்து செடி. பானையின் சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ஈரம் காய்ந்த மண்ணை நோக்கி நகரும். மண் காய்ந்திருந்தால் இழுவிசை கூடும், தண்ணீர் வேகமாகக் கசியும். மழை பெய்து மண் நனைந்துவிட்டால் இழுவிசை குறைந்து கசிவு தானே நின்றுவிடும். செடி கேட்கும்போது கொடுக்கவும் கேட்காதபோது நிறுத்தவும் இங்கே ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மேல்மண் நனையாததால் களையும் குறைவு. பானையும் சந்தையில் கிடைக்கிறது. இவ்வளவு எளிய கருவி நம் கொல்லைகளில் பரவவில்லையே என்று எனக்கு வருத்தம்.

பாத்தி எப்படிப் போடுவது என்பதில் வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களை நம்பக் கூடாது. அவை மேட்டுப்பாத்தியைத்தான் சொல்லும். குளிர்நாட்டில் அது சரி. அங்கே மண் சீக்கிரம் சூடேறவும் அதிக ஈரம் வடியவும் வேண்டும். குளத்தூரில் பத்து மாதம் நம் தேவை நேர்மாறானது. இங்கே பாத்தி தரைமட்டத்தைவிட நாலு விரல் தாழ்ந்து, சுற்றிலும் வரப்பு உயர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் வழிவழியாகப் பிடித்த பாத்தி இதுதான். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வரப்பில் வடிகால் வெட்டிவிட வேண்டும். மிளகாயும் கத்தரியும் தண்ணீரில் இரண்டு நாள் நின்றால் வேர் அழுகும். அந்த மாதங்களில் அவற்றை வரப்பின் மேலேயே நட்டுவிடுவது நல்லது.

விதைத்த பிறகு மண்ணைத் திறந்து போட்டிருக்கக் கூடாது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, வெயில் பட்டதும் மேலே ஓடுபோல இறுகிவிடும். செம்மண்ணில் இது அதிகம். கீரை முளை அந்த ஓட்டைக் கிழித்து வெளியே வர முடியாமல் உள்ளேயே சாகும். மெல்லிய வைக்கோல் மூடாக்கு துளியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், ஆவியாவதையும் மண்சூட்டையும் குறைக்கும். முளை வந்ததும் நடுவில் விலக்கிவிட்டால் போதும்.

எப்போது தொடங்குவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பதற்குப் பின்னால் கறாரான காரணம் இருக்கிறது. ஆடி ஆவணியில் இங்கே மாலை நேரத்து இடிமழை அவ்வப்போது வரும். அந்த ஈரத்தில் முளைத்த செடி ஐப்பசி அடைமழைக்கு முன் இரண்டு மாதம் வேர் பிடித்துவிடும். அடைமழையில் நேராக விதைத்தால் விதை அழுகும், நாற்று சாயும். கொடிக் காய்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுரை, புடலை, பீர்க்கு, பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நீண்ட பகலும் கடுஞ்சூடும் ஆண்பூவைப் பெருக்கும்; பகல் குறைந்து சூடு தணியும்போது பெண்பூ கூடும். ஆடியில் போட்ட கொடி பூக்கும்போது பகல் சுருங்கத் தொடங்கியிருக்கும். அடுத்த வாய்ப்பு தைப்பட்டம். அதற்குக் கோடைத் தண்ணீர் கையிருப்பில் இருக்க வேண்டும்.

முதல் விதைப்பு கீரையாக இருக்கட்டும். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை மூன்றும் ஒரே அமராந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஒரு தனித்திறமை இருக்கிறது. தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற பெரும்பாலான செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெப்பம் கூடும்போது தடுமாறி ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. பிடித்ததைச் சரிசெய்யவே செடியின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகும். சோளம், கரும்பு, இந்தக் கீரைகள் ஆகியவை வேறு ஏற்பாடு கொண்டவை. முதலில் கரியமில வாயுவை நாலு கரி அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, உள்ளறையில் கொண்டுபோய் அடர்த்தியாக விடுவிக்கின்றன. அங்கே நொதி தடுமாற இடமில்லை. இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்க வேண்டியதும் இல்லை, தண்ணீர் மிச்சமாகிறது. குளத்தூர் வெயில் தக்காளிக்குத் தண்டனை என்றால் கீரைக்கு விருந்து. 21 முதல் 25 நாளில் பிடுங்கிவிடலாம். புதிதாகத் தோட்டம் போடும் ஒருவருக்கு மூன்றே வாரத்தில் சொந்தக் கீரை தட்டில் விழுவது எந்த அறிவுரையைவிடவும் பெரிய ஊக்கம். விதை கடுகைவிடச் சிறியது என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் தூவினால் போதும். எறும்பு இழுத்துப் போகாமல் பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவைப்பது பாட்டிகள் செய்த வேலை. இன்றும் பலன் தருகிறது.

அடுத்து வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு. கொத்தவரை வறட்சிக்கு அஞ்சாது. தட்டைப்பயறைப் பிடுங்கும்போது வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். அந்தச் சிவப்பு நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம். பயறு வகைகளைப் பற்றி மேலும் அறிய விரும்பினால் இதே மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தக்காளியைப் பொறுத்தவரை, பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரவும் 25 டிகிரிக்குக் குறையாவிட்டால் மகரந்தம் உயிரிழந்து பூ கொட்டும். உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. ஆவணியில் நாற்று விட்டு மார்கழி, தையில் காய் எடுப்பதுதான் இங்கே புத்தி.

பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை என்பதுதான் புதுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் புகார். கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் மகரந்தப் பைகளின் நுனி வழியாகத்தான் வெளியேறும். மகரந்தம் வெளியே வரச் சரியான அதிர்வு தேவை. நாம் வளர்க்கும் தேனீக்களால் அந்த அதிர்வைத் தர முடியாது. கறுப்பாகப் பெரிதாக இருக்கும் தச்சுத்தேனீயும் நீலக்கோடு போட்ட தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். தச்சுத்தேனீ பட்ட மரத்தில் துளையிட்டு வாழ்வது. கொல்லையில் கிடக்கும் பழைய கட்டையை அப்புறப்படுத்தாமல் ஓரமாக விட்டுவைப்பது கத்தரிக்கு நல்லது. பூசணிப் பூ அதிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். வண்டு வராவிட்டால் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் சிறு பிஞ்சு தாங்கிய பெண்பூவின் நடுவில் காலை எட்டு மணிக்குள் தடவிவிடலாம். சுரையும் புடலையும் பீர்க்கும் சாயங்காலத்துக்கு மேல் விரிபவை. அவற்றைத் தேடி வருவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். கொடிப்பந்தலுக்கு மேலே இரவு முழுதும் வெளிச்சமான விளக்கு எரியவிடுவது அந்துப்பூச்சிகளைக் குழப்பும்.

பூச்சியைக் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடுகிற பழக்கம் வேண்டாம் என்பதற்குத் தமிழ்நாடே பெரிய சான்று. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. இங்கே இயற்கை எதிரி இல்லாததால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. எத்தனை முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. மெழுகுப்பூச்சு அதைக் காத்தது. 2010இல் பெங்களூருவிலுள்ள தேசிய ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துப் பெருக்கி விட்டது. கடுகளவுகூட இல்லாத அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். சில பருவங்களில் பூச்சி கட்டுக்குள் வந்தது. மருந்தடிக்கும் கொல்லையில் முதலில் சாவது இந்தக் குளவிகளும் பொறிவண்டுகளும்தான். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் கூடவே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அறியலாம். அவை கசியும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் தொடக்கத்திலேயே அடக்கலாம். கத்தரியின் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும். அந்தக் குருத்தைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள். காய்க்குள் போகும் அடுத்த தலைமுறை குறையும்.

இனி வேலி. ஆடும் கோழியும் வீட்டுக்கு வீடு உண்டு. விராலிமலைப் பக்கத்து மயில்களுக்கும் இளநாற்று மிகவும் பிடிக்கும். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றினால் உயிர்வேலியாகிவிடும். வேர் பிடிக்கும்வரை பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டலாம். வேலியைப் பாத்தி போடுவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

கடைசியாகத்தான் விதை. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மானிய விலையில் விதைத் தொகுப்பு கிடைக்கும்போது வாங்கலாம். கடையில் வாங்கினால் பொட்டலத்தில் எஃப்1 கலப்பினம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. மறுபருவமும் கடைக்குப் போக வேண்டியிருக்கும். நாட்டு ரகத்தில் தக்காளி, தட்டைப்பயறு, கொத்தவரை ஆகியவை பெரும்பாலும் தம் மகரந்தத்திலேயே சூல்கொள்பவை. அதே குணம் அடுத்த தலைமுறைக்கும் வரும். சுரை, பூசணி போன்றவை பக்கத்துக் கொல்லை மகரந்தத்தோடு கலந்துவிடும். அவற்றுக்கு மட்டும் பெண்பூவை முதல் நாளே துணியால் மூடி, கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி மூட வேண்டும். நண்பரின் தோட்டத்தில் நோயில்லாமல் செழிப்பாக நிற்கும் செடி எது என்று சேர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதில் நல்ல காயாக இரண்டுக்குச் சாக்கு நூல் கட்டி, யாரும் பறிக்காமல் முற்றி உலரும்வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.